பழுக்கக் காய்ச்சிய பட்டை, பளிச்சென ஊற்றும் தண்ணீர்: மாட்டுவண்டிச் சக்கரம் உருவாவது எப்படி?

மரத்தாலான மாட்டுவண்டிச் சக்கரத்தில் மொத்த பாரத்தையும் தாங்குவது மரம் மட்டுமல்ல. வெளிச்சுற்றில் இருக்கும் இரும்புப் பட்டைதான் அத்தனை துண்டுகளையும் ஒன்றாக இறுக்கி வைத்திருக்கிறது. அது கழண்டால் சக்கரமே பிரிஞ்சு போயிடும்.

நடுவில் இருப்பது குடம். அதில் துளையிட்டு ஆரக்கால்களைச் செருகுவார்கள். ஆரக்கால்களின் மறுமுனையில் வளைவான வட்டைகள் பொருந்தும். 12 ஆரக்கால் உள்ள சக்கரம் என்றால் 6 வட்டைகள், ஒரு வட்டைக்கு 2 ஆரக்கால். கருவேலம் இதற்குப் பேர் போன மரம். ஆனால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்தால் பின்னாளில் சுருங்கி ஆட்டம் கொடுக்கும்.

தச்சர் ஒரு சின்ன வேலை செய்வார். வட்டைகள் சேரும் இடங்களில் வேண்டுமென்றே நூலிழை இடைவெளி விடுவார். ஏன்? அதை மூடும் வேலை கொல்லருடையது.

சிறிய வளையம் எப்படி மாட்டும்?

கொல்லர் இரும்புப் பட்டையை வளைத்து, சக்கரத்தின் சுற்றளவை விடக் கொஞ்சம் குறைவாகவே இணைப்பார். இந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் மொத்த சூட்சுமமும். குறைவு அதிகமானால் ஆரக்கால் நெளியும். போதாவிட்டால் பட்டை நிக்காது.

5 அடி விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.8 மீட்டர். அந்த நீளமுள்ள இரும்பைக் கூடுதலாக 500 டிகிரி செல்சியஸ் சூடாக்கினால் சுமார் 3 சென்டிமீட்டர் நீளும். வரட்டியும் விறகும் சுற்றி அடுக்கித் தீ மூட்டி, பட்டை பழுத்ததும் நாலு பேர் குறடால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டுவார்கள். மரம் குப்பென்று பற்றும். உடனே தண்ணீர். இரும்பு சுருங்கும்போது மரம் நறநறவென முனகும், வட்டை இடைவெளிகள் மூடிக்கொள்ளும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் வட்டை கருகிவிடும்.

கோடையில் மரம் வற்றி பட்டை தளர்ந்தால், சக்கரத்தைக் கழற்றி குளத்தில் ஊறப்போடுவது பழைய வழக்கம். தற்காலிக வைத்தியம்தான். மறுபடியும் தளர்ந்தால் பட்டையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, திரும்ப இணைத்து மாட்ட வேண்டும்.

இப்போது யாருக்குத் தேவை?

டயர் வண்டிகள் வந்ததும் பார வண்டிகளுக்கான தேவை சரிந்தது. டயர் வண்டியை மாடு இழுப்பது சுலபம், ரோடும் கெடாது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. கோயில் தேர்கள் பலவற்றுக்கும் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரம் செய்து கொடுத்திருக்கிறது.

மிச்சமிருக்கும் வாடிக்கையில் முக்கியமானது மாட்டுவண்டிப் பந்தயமும் ரேக்ளாவும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தபோது அந்த வாசலும் மூடியது. 2017-க்குப் பிறகு பந்தயங்கள் மீண்டும் நடக்கின்றன.

ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் தொழில். ஊரில் சக்கரத் தச்சர் இருந்தும், பட்டை போடத் தெரிந்த கொல்லர் இல்லையென்றால் அவர் செய்த சக்கரம் ரோட்டுக்கு வராது.