புறத்தூண்டியும் தகுதித் தேர்வும்: தண்டுவட மின்தூண்டல் முன்னோட்டத்தின் வரலாறு

நாள்பட்ட நரம்பு வலிக்கான அறுவையில், முதுகெலும்பினுள் செலுத்திய மின்முனைக் கம்பியை உடலுக்கு வெளியிலுள்ள தூண்டியுடன் இணைத்துச் சோதிப்பது இன்று வழக்கமான படிநிலையாகும். நிலையான கருவியைப் பொருத்தலாமா என்பதைத் தீர்மானிக்கும் தேர்வாக அது கொள்ளப்படுகிறது. ஆனால் புற இணைப்பு தேர்வாகத் தோன்றவில்லை. முழுமையாக உட்பொருத்தும் தண்டுவடத் தூண்டி இல்லாத காலத்தின் தேவையாகவே தோன்றியது என்பது இக்கட்டுரையின் துணிபு.

தொடுவுணர்வைக் கடத்தும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே தடைப்படும் என்னும் வாயிற்கட்டுப்பாட்டுக் கொள்கையை ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகியோர் 1965இல் வெளியிட்டனர். ஈராண்டுகளில், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நார்மன் ஷீலி அதனைச் செயற்படுத்தினார். பொறியியல் ஆய்வு மாணவரான தாமஸ் மார்ட்டிமர் உருவாக்கிய மின்முனை, புற்றுநோய் வலியால் வருந்திய 70 வயது முதியவரின் தண்டுவடப் பின்புறத்தில் பொருத்தப்பட்டது. மின்னோட்டம் வெளியிலிருந்தே வந்தது. முன்னோட்டம் வேறு, சிகிச்சை வேறு என்ற பாகுபாடு அப்போது இல்லை.

அடுத்து வந்த கருவிகளில் ஏற்பி தோலடியில் இருந்தது; ஆற்றல் வெளியிலிருந்து வானொலி அலையாகச் சென்றது. மின்முனையைப் பொருத்த எலும்பை அகற்றும் பெரிய அறுவை தேவைப்பட்டதால், பலனை முன்னறியும் வழி தேடப்பட்டது. தோலின்மேல் மின்தூண்டல் அளித்துப் பார்த்தபோது சிலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அது தனிச் சிகிச்சையாகவே வளர்ந்தது. 1972இல் ஹொசொபுச்சி குழுவினர் தோல்வழித் தற்காலிக மின்முனையைச் செலுத்தி, நிலையாகப் பொருத்தும் முன் சோதிக்கும் முறையை விவரித்தனர். தேர்வு என்னும் கருத்து இங்கேதான் தெளிவாக உருப்பெறுகிறது. 1975இல் டூலி முன்வைத்த முறை, ஊசிவழியே தண்டுவட உறைக்கு வெளியே மின்முனையை வைத்து இதனை மேலும் எளிதாக்கியது.

அறுவை அரங்கில் அந்த இணைப்பு நுட்பமானது. கிருமிநீக்கிய பகுதியில் மின்முனைக் கம்பியுடன் நீள்கம்பி பூட்டப்படும். அதன் மறுமுனை திரைக்கு அப்பால் நிற்பவர் கையிலுள்ள தூண்டிக்குச் செல்லும். விழித்திருக்கும் நோயாளி கூச்ச உணர்வு எங்கே பரவுகிறது எனச் சொல்லச் சொல்ல, மருத்துவர் ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்து மின்முனையைச் சிறிது சிறிதாக நகர்த்துவார். கருவிகள் நிறைந்த அவ்வரங்கில் முதன்மை அளவுகோல் நோயாளியின் சொல்லே. பின்னர்ச் சில நாள்கள் கம்பி தோலைத் துளைத்தே நிற்கும். அத்துளை தொற்றுக்கும் வழியாகலாம். வலி பாதியாகக் குறைந்தால் தேர்வில் வெற்றி என்பது மரபு.

1980களில் முழுமையாக உட்பொருத்தும் கருவிகள் வந்ததும் பழைய தேவை மறைந்தது. புற இணைப்பு மறையவில்லை. 2008இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் வெற்றிகரமான முன்னோட்டத்தைச் சிகிச்சைக்கு நிபந்தனையாகவே வகுத்தது. கூச்ச உணர்வு தராத 10 கிலோஹெர்ட்ஸ் தூண்டலுக்கு 2015இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தபோது, அறுவையின்போது நோயாளியிடம் கேட்பதற்கே பொருளில்லாமற் போனது. 2020இல் வெளியான பிரித்தானியச் சமவாய்ப்பு ஆய்வான 'டிரையல்-ஸ்டிம்', முன்னோட்டம் நடத்தியோரைவிட நேரடியாகப் பொருத்திக்கொண்டோர் பின்தங்கியதற்குச் சான்று காணவில்லை. நேர்காணலில் நோயாளிகள் ஒரே அறுவையையே விரும்பினர்.