திருநெல்வேலிக் கிராமச் சபைகள்

பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதப்பட்ட கிறிஸ்தவச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர்தான். அந்தச் சிறு கூட்டத்துக்கு முன்னின்றவர் குளோரிந்தா என்ற பிராமண விதவை. 1778-இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற அவர் கட்டுவித்த சிற்றாலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தார்கள்.

அடுத்த தலைமுறையில் சபை தேரிக்காட்டுப் பனையேறிகளிடம் பரவியது. கிறிஸ்தவரானவர்களின் ஜெபவீடுகள் இடிக்கப்பட்டன. நிலக்காரர்களின் நெருக்கடியும் சேர்ந்தது. தப்பி வந்தவர்களுக்காகச் சாத்தான்குளம் அருகே நிலம் வாங்கி 1799-இல் உருவாக்கிய ஊரே முதலூர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் காலத்தில் இதே தேவைக்காக 1830-இல் தர்ம சங்கம் தொடங்கியது. சபையாரின் நன்கொடையில் நிலம் வாங்கி, விரட்டப்பட்டவர்களைக் குடியமர்த்துவது அதன் வேலை. ஆகவே இங்கே சபை என்பது வழிபாட்டுக் கூட்டம் மட்டுமல்ல, குடியிருக்கும் ஊரும்தான்.

மிஷனரிகளின் பெயர்களே வரலாற்றில் பெரிதாக நிற்கின்றன. ஆனால் ஊர் ஊராகச் சபையைத் தாங்கியவர் உபதேசியார். ஐயர் எப்போதாவது வருவார். உபதேசியார் ஊரிலேயே இருப்பார். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, நோயாளி வீட்டில் ஜெபிப்பது, வழக்கைத் தீர்ப்பது, அடக்க ஆராதனை நடத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குரிய இடம் வரலாற்றில் இன்னும் கொடுக்கப்படவில்லை.

வழிபாடு பனைத் தொழிலின் நேரத்தை ஒட்டியே அமைந்தது. விடியலில் மரமேறப் போகும் ஆண்களும் பதநீர் காய்ச்சும் பெண்களும் ஒருசேரக் கூடுவது அந்தியில்தான். தினசரி மாலை ஜெபம் அதனால் ஊன்றிப்போனது. ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் அமர்ந்தார்கள். வாசிக்கத் தெரியாத முதியவர்கள் வேதவசனங்களையும் ஞானோபதேசத்தையும் வாய்ப்பாடமாகக் கற்றார்கள். பிரசங்கத்தின் நடுவே கேள்வி கேட்பதும் சபையார் ஒருமித்துப் பதில் சொல்வதும் வழக்கம். ஆங்கிலத் திருச்சபையின் ஜெபப் புத்தக ஒழுங்கும் தமிழ்க் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் சேர்ந்தன. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) பாடல்கள் இந்தச் சபைகளின் நாவில் ஊறியவை.

ஆலயம் எழுப்புவது ஊரின் நெடுநாள் உழைப்பு. இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் தொடங்கிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-இல்தான் பிரதிஷ்டையானது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் வேலை நடந்தது.

காணிக்கையில் பணத்தைவிடப் பொருளே அதிகம். சமைக்கும்போது பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்தார்கள். அறுப்பின் பண்டிகையில் கருப்பட்டி, கோழி, வாழைக்குலை ஏலத்துக்கு வரும். பண்டிகையின் உச்சம் அசனம்: சேர்த்த அரிசியைச் சமைத்து ஊரே ஒன்றாக உண்ணும் விருந்து. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகளில் ஆலயத்தில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதால் குடும்பச் செய்தியும் சபைச் செய்தியானது.

ஒரு குறையை மறைப்பதற்கில்லை. பல ஊர்களில் சபையார் பெரும்பாலும் ஒரே சாதியினர். ஒற்றுமை எளிதாக வந்ததற்கு அதுவும் காரணம். பிற சாதியினர் சேர வந்தபோது கதவு இறுகியதற்கும் அதுவே காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ்ப் போதகர்கள் பெருகினார்கள். அவர்களின் சம்பளத்தைச் சபைகளே படிப்படியாக ஏற்றன. வெள்ளாளன்விளையில் கிராமப் போதகர் ஒருவரின் மகனாக 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்க முன்னின்றார். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பகுதிக்குத் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் காணிக்கையிலேயே மிஷனரிகளை அனுப்பின. 1912-இல் அசரியா அங்கே பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலிச் சபைகளும் அதில் இணைந்தன.