சேற்றுநில, அனைத்துநில டயர்கள்

சேற்றுநில டயர், அனைத்துநில டயர் என்பன நான்கு சக்கர இயக்க வாகனங்களில், செப்பனிடப்படாத தரையில் ஓடுவதற்காகப் பொருத்தப்படும் இருவகை டயர்கள் ஆகும். வணிக வழக்கில் இவை முறையே எம்.டி., ஏ.டி. எனச் சுருக்கமாகக் குறிக்கப்படுகின்றன. முரட்டுத் தோற்றமுடைய சேற்றுநில டயரே எல்லாத் தரைக்கும் வலிமையானது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது சரியன்று. அவ்வகை டயர் சேற்றில் பெறும் பிடிப்பிற்காகப் பிற தரைகளில் சிலவற்றை இழக்கிறது. அவற்றுள் முதன்மையானது ஈரமான தார்ச்சாலையில் கிடைக்கும் பிடிப்பு ஆகும்.

அமைப்பும் செயற்பாடும்

டயரின் தரைதொடும் பரப்பு இரப்பர்க் கட்டைகளாலும் (பேச்சு வழக்கில் பட்டன்) அவற்றுக்கு இடைப்பட்ட பள்ளங்களாலும் ஆனது. சேற்றுநில டயரில் கட்டைகள் பெரியவை. பள்ளங்கள் அகலமும் ஆழமும் மிக்கவை. கட்டைகள் சேற்றைத் துடுப்புப் போலத் தள்ளுகின்றன. சக்கரம் விரைந்து சுழலும்போது பள்ளத்தில் அடைந்த சேறு வெளியே வீசப்படுகிறது. இவ்வாறு தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்வதே இவ்வகையின் உயிர்நாடி. பள்ளம் சேற்றால் நிறைந்துவிட்டால் எந்த டயரும் வழவழப்பான உருளையாகிவிடும்.

அனைத்துநில டயரில் கட்டைகள் சிறியனவாகவும் நெருக்கமாகவும் இருக்கும். அவற்றின் மேல் மெல்லிய கீறல்கள் பல உண்டு. இவை ஈரச் சாலையிலும் பனியிலும் கூடுதல் விளிம்புகளை அளித்துப் பிடிப்பைக் கூட்டுகின்றன. சேற்றுநில டயரில் இக்கீறல்கள் குறைவு. சாலையைத் தொடும் இரப்பரின் அளவும் குறைவு. ஆகவே மழை நாளில் திடீரெனத் தடை போட்டால் வாகனம் நிற்பதற்குக் கூடுதல் தூரம் தேவைப்படும். காட்டுப் பாதையைக் கடந்து வந்த ஓட்டுநர், வீடு திரும்பும் நெடுஞ்சாலையில் இதை மறந்துவிடுவது ஆபத்தானது. இரைச்சலும் எரிபொருட் செலவும் இதனோடு ஒப்பிடச் சிறிய குறைகளே.

வரலாறு

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிசு ஜீப்பில், முன்னும் பின்னும் ஒரே வகையில் இழுக்கக்கூடிய, திசைசாராத கட்டைகள் கொண்ட 6.00-16 அளவு டயர்கள் பொருத்தப்பட்டிருந்தன. 1946இல் மிச்செலின் நிறுவனம் ஆரை அமைப்பு டயருக்குக் காப்புரிமை கோரியது. பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1976இல் ஆரை அமைப்புடைய அனைத்துநில டயரையும், 1980இல் அதே அமைப்பில் சேற்றுநில டயரையும் அறிமுகப்படுத்தியது.

தரைக்கேற்ற தெரிவு

சேறு என்பதும் ஒரே தன்மையது அன்று. மேலே குழம்பும் அடியில் உறுதியான தரையும் இருந்தால், சேற்றுநில டயர் குழம்பைக் கிழித்து அடித்தரையைப் பற்றிக்கொள்ளும். அடியே இல்லாத சதுப்பில் அதே கட்டைகள் குழி தோண்டி, வாகனத்தின் அடிச்சட்டம் தரையில் அமரும்வரை இறக்கிவிடும். மலேசியாவில் 1997 முதல், ஆண்டிறுதி மழைக்காலத்தில் நடத்தப்பட்டுவந்த மழைக்காட்டுச் சவால் போட்டி சேற்றுநில டயருக்கு உரிய களம். அங்கும் வண்டியை மீட்கக் கப்பி இழுவை இன்றியமையாதது.

மணலில் நிலைமை தலைகீழானது. மணலைத் தோண்டாமல் அதன்மேல் மிதந்து செல்வதே அங்குத் தேவை. ஆதலால் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட அனைத்துநில டயரே பெரும்பாலும் எளிதாகச் செல்லும். ஆத்திரேலியக் கடற்கரை மணலில் அழுத்தத்தை 20 பி.எஸ்.ஐ. அளவிற்கு இறக்குவது வழக்கம். இதனால் டயர் தரையில் படியும் நீளம் கூடுகிறது. டயரை மாற்றாமலே கிடைக்கும் இப்பயன், பல வேளைகளில் டயர் வகையால் வரும் வேறுபாட்டை விடப் பெரிது. சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்பவேண்டும். தவறினால் டயர் சூடேறி வெடிக்கக்கூடும்.

மேற்கு ஆத்திரேலியாவின் கிப் ஆற்றுச் சாலை ஏறத்தாழ 660 கி.மீ. நீளமுடையது. இதன் பெரும்பகுதி சரளைப் பாதை. உலர்பருவத்தில் இங்கு அச்சம் தருவது சேறன்று, கூரிய கற்களே. எனவே கட்டைகளின் வடிவத்தை விடப் பக்கச்சுவரின் உறுதியே இங்குக் கருதத்தக்கது. இலகு சரக்குந்துகளுக்கான கட்டமைப்பு (எல்.டி. எனக் குறிக்கப்படுவது) அனைத்துநில டயர்களிலும் கிடைக்கிறது. பக்கச்சுவர் உறுதிக்காக மட்டும் சேற்றுநில டயரை நாடவேண்டியதில்லை.

பனிப்பகுதிகளில் பக்கச்சுவரிலுள்ள குறி கவனிக்கத்தக்கது. எம்+எசு என்னும் எழுத்துகள் கட்டைகளின் வடிவத்தை ஒட்டித் தரப்படுபவை. மூன்று முகட்டு மலையும் பனித்துகளும் கொண்ட குறியோ பனியில் சோதித்த பின்னரே இடப்படுவது. பின்னது பல அனைத்துநில டயர்களில் உண்டு. சேற்றுநில டயர்களில் அரிது.

அளவும் குறியீடுகளும்

சேற்றுநில டயருக்கு மாறுவோர் பலர் பெரிய அளவையும் சேர்த்தே தெரிவு செய்கின்றனர். 235/75 ஆர் 15 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. அதற்குப் பதிலாகப் பெயரளவில் 31 அங்குல (787 மி.மீ.) டயரைப் பொருத்தினால், வேகமானி 100 காட்டும்போது உண்மை வேகம் ஏறத்தாழ 107 கி.மீ. ஆகும். சேற்றுநில டயர்கள் பல 'கியூ' என்னும் வேகக்குறி, அதாவது மணிக்கு 160 கி.மீ. உச்ச வரம்பு கொண்டவை. வாகனத் தயாரிப்பாளர் குறித்துள்ள சுமைக்குறியீட்டிற்குக் குறைந்த டயரைப் பொருத்துதல் கூடாது.

எப்போதும் நான்கு சக்கரங்களும் இயங்கும் வாகனத்தில் இரு வகைகளையும் கலந்து பொருத்துவதும் தவிர்க்கவேண்டியது. விட்டங்கள் சிறிதளவு வேறுபட்டாலும் முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று, நடுப்பல்லிணைத் தொகுதி ஓயாது உழன்று தேயும்.