சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்த ஒரு நோய்ப்பெயர்

"ஸ்கிசோடைப்பல்னு எழுதிக் குடுத்திருக்காங்க. இது ஸ்கிசோஃப்ரினியாவேதானா?" என்று வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் மடல் போட்டிருந்தார். பி.காம். படித்த வங்கிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? மைசூரில்தானே இருக்கிறான், நிம்ஹான்ஸ் பக்கமாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார் போல :-) பெங்களூர் இங்கிருந்து 140 கிலோமீட்டருக்கு மேல். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் இந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லலாம். பாதி பயம் அதிலேயே தெளிந்துவிடும்.

முதலில் விடை: இல்லை, இரண்டும் ஒன்றல்ல. யாரோடும் நெருங்கிப் பழக முடியாமை, எத்தனை நாள் பழகினாலும் தீராத கூச்சமும் சந்தேகமும், எதிர்வீட்டுக்காரர் சிரித்தால்கூடத் தன்னைப் பற்றித்தானோ என்ற எண்ணம், சுற்றி வளைத்த பேச்சு, விசித்திரமான நம்பிக்கைகள். இவை இள வயதில் தொடங்கி வருஷக்கணக்காக நீடித்தால் ஸ்கிசோடைப்பல் என்கிறார்கள். ஒரு சிலருக்கு இது ஸ்கிசோஃப்ரினியாவாக முற்றலாம். பெரும்பாலோருக்கு முற்றுவதில்லை.

இந்தக் கருத்து வளர்ந்தது நோயாளிகளைப் பார்த்து மட்டும் அல்ல, அவர்களுடைய சொந்தக்காரர்களைப் பார்த்தும்தான்! ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லைத் தந்த சுவிஸ் மருத்துவர் ப்ளாய்லர், 1911-இல் எழுதிய நூலில், வெளிப்படையாக நோய் தெரியாத மிதமான வடிவமும் உண்டு என்றார். 1953-இல் நியூயார்க்கில் ஷாண்டோர் ராடோ 'ஸ்கிசோடைப்' என்ற சொல்லை உருவாக்கினார். 1962-இல் பால் மீல், பரம்பரையாக வரும் பலவீனம் எல்லோருக்கும் நோயாக முற்றாது, வாழும் சூழலும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்றார். 1968-இல் கேட்டியும் சகாக்களும் டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். நோய் வந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் பக்கத்து உறவினரிடம் இந்த மிதமான வடிவம் அதிகம் தெரிந்தது. வளர்த்தவர்கள் பக்கத்தில் அப்படி இல்லை. "நம்ம வளர்ப்புதான் சரியில்லையோ" என்று அழும் பெற்றோர் இந்த ஓர் ஆய்வையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

வங்கியில், எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். இந்தக் கோளாறும் பல வருஷம் அப்படித்தான் கிடந்தது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதை ஆளுமைக் கோளாறுகளில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனமோ இன்றும் ஸ்கிசோஃப்ரினியா குடும்பத்தில் வைத்திருக்கிறது. 2013-இல் வந்த அமெரிக்கப் பதிப்பில் இரண்டு தலைப்பிலும் பெயர் வருகிறது. சுத்தமான இரட்டைப் பதிவு! ஆகவே இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் பதற வேண்டாம்.

பெயர் விஷயத்தில் மைசூருக்கும் ஒரு பங்கு உண்டு. மைசூர் பல்கலைக்கழகம் 1924-லேயே உளவியல் துறை தொடங்கியது. அங்கே பேராசிரியராக இருந்தவர் லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற எம்.வி. கோபாலசுவாமி. (1935-இல் வீட்டிலிருந்தே 'ஆகாசவாணி' வானொலியைத் தொடங்கியவரும் இவர்தான்.) அடுத்த வருஷமே, 1925-இல், சமஸ்தான அரசு பெங்களூரின் பைத்தியக்கார விடுதியை 'மனநல மருத்துவமனை' என்று பெயர் மாற்றியது. 1954-இல் அங்கே ஓர் அகில இந்திய நிறுவனம் வந்தது. 1974-இல் இரண்டும் இணைந்ததுதான் நிம்ஹான்ஸ்.

இந்தியா செய்த இன்னொரு நல்ல காரியம், குடும்பத்தை உள்ளே விட்டது. 1950-களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு உறவினர்களை நோயாளிகளோடு தங்க வைத்தார். வேலூர் சி.எம்.சி.யிலும் அந்த வழக்கம் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு நம்பிக்கை 'விசித்திரமானது'தானா என்பதை அந்த மனிதர் பிறந்து வளர்ந்த சமூகத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று அந்த அமெரிக்கக் கையேடே சொல்கிறது. கண்ணேறு கழிப்பதும், பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பதும், செத்துப்போன பாட்டி கனவில் வந்து சொன்னாள் என்பதும் நமக்குச் சாதாரணம். டொராண்டோவிலோ சிட்னியிலோ இருக்கும் மருத்துவருக்கு அது எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். அதே சமயம், நமக்கே "இது நம்ம வீட்டு வழக்கம் இல்லையே" என்று தோன்றுவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "அவன் அப்படித்தான், கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்று தள்ளிப்போடுவதால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். பக்கத்தில் ஒரு மனுஷரும் இல்லாத தனிமையும் மனச்சோர்வும் அவனை வாட்டும். பேச்சு வழிச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு.

இந்தியாவில் இருப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். 2022-இல் தொடங்கியது, கட்டணம் கிடையாது. நீங்கள் இருக்கும் நாட்டில் தமிழ் தெரிந்த மனநல மருத்துவரைப் பார்க்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்தச் சொந்தக்காரரும் படிப்பார்.