கருப்பு வயர் பிளஸ்ஸா? – டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பவர் ரூமின் கதை

கார் பேட்டரியில் சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். திண்டுக்கல் பைபாஸில் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். வீட்டு வயரிங் பண்ணுகிறவரைக் கேட்டால், கருப்பு நியூட்ரல், நீலம் மூன்றாவது ஃபேஸ், தொட்டால் தூக்கிப் போடும் என்பார். ரெண்டு பேர் சொல்வதும் சரிதான். ஆனால் இவர்கள் இருவரையும் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் பவர் ரூமுக்குள் கூட்டிப் போனால் திகைத்துவிடுவார்கள். அங்கே பெரும்பாலான கருவிகளில் நீலம் மைனஸ் 48 வோல்ட். கருப்பு பூஜ்ஜியம், அதாவது பூமியோடு கட்டிவிட்ட பிளஸ். அமெரிக்காவிலோ சிவப்பு வயரே மைனஸாக வருவதும் உண்டு. ஆக, நிறத்தை நம்பி அந்த அறையில் எதையும் தொட முடியாது. பெயர்ச்சீட்டைத்தான் நம்பணும்.

இந்தத் தலைகீழ் ஏன்? ஆரம்பத்தில் ஒவ்வொரு டெலிபோனுக்குள்ளும் தனித்தனி பேட்டரி இருந்தது. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய், மதராஸில் எக்ஸ்சேஞ்ச் திறந்த காலம் அது. 1890களில்தான் எல்லா போனுக்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் தரும் பொது பேட்டரி முறை அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. ஈய-அமில செல் ஒன்று சுமார் 2 வோல்ட். 24 செல்களைத் தொடராக இணைத்தால் 48. மண்ணுக்குள் ஈரத்தில் கிடக்கும் செம்புக் கம்பி, பூமியைவிட பிளஸ்ஸாக இருந்தால் மின்பகுப்பில் கரைந்துபோகும். மைனஸாக இருந்தால் தப்பிக்கும். அதனால் பிளஸ்ஸைப் பூமியில் கட்டினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று வேடசந்தூர் பக்கம் வயல் நடுவே நிற்கும் செல்போன் டவரின் கருவிகளும் அதே மைனஸ் 48-ல்தான் ஓடுகின்றன, அங்கே கண்ணாடி இழைதான் வருகிறது என்றாலும்.

48 வோல்ட் ஆளை அடிப்பது அரிது. ஆபத்தே அங்கேதான். 5 கிலோவாட் கருவிக்கு 230 வோல்ட்டில் சுமார் 22 ஆம்பியர் போதும். 48-ல் நூறைத் தாண்டும். கட்டைவிரல் தடிமனுக்கு செம்பு கேபிள்கள், ஒன்றன் மேல் ஒன்றாக, எல்லாம் ஒரே மாதிரி. ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் ஸ்பானரைக் கை தவறிப் பேட்டரி பாரில் விட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஸ்பானர் உருகும், முகம் வெந்துவிடும்.

நம்ம பக்கத்துக்கு வருவோம். மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில். அதற்கு முந்தைய ஆண்டு சி-டாட் தொடங்கப்பட்டது. 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் அவர்களின் முதல் 128 போர்ட் கிராமப்புற எக்ஸ்சேஞ்ச் இயங்கியது. ஏசி இல்லாத அறையிலும் ஓட வேண்டும் என்பதற்காகவே வடிவமைத்த கருவி. திண்டுக்கல் சமவெளி மாதிரி வெயில் ஊர்களுக்கு இதைவிட என்ன வேணும்! ஆனால் கருவி தாங்கும் வெயிலை ஸ்டிக்கர் தாங்காது. பசை இளகி, காகிதம் சுருண்டு, தரையில் விழுந்து கிடக்கும். பழைய ஆட்கள் அலுமினியத் தகட்டில் பஞ்ச் அடித்து மெழுகு நூலால் கட்டியது வெறும் பழக்கதோஷம் இல்லை.

வயரில் மாட்டும் எண் வளையத்தை நம் எலக்ட்ரீஷியன்கள் ஃபெரூல் என்பார்கள். லக் போட்டு நசுக்குவதற்கு முன்னாலேயே அதை நுழைத்துவிட வேண்டும். மறந்தால் லக்கை வெட்டி, வேறு லக் போடணும். அவசரத்தில் யார் வெட்டுவார்கள்? "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்டதுதான் பெயரில்லாத கேபிள்.

பெயர் இல்லாததைவிட மோசம், தப்பான பெயர். முக்கியமான கருவிகளுக்கு ஏ, பி என்று இரண்டு தனித்தனி மின்வழி கொடுப்பது வழக்கம். ஒன்று போனால் மற்றது தாங்கும். இரண்டையும் ஏ-யிலேயே இணைத்துவிட்டு, ஒன்றில் பி என்று சீட்டு ஒட்டினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கருவி ஓடும், விளக்கு எரியும், அலாரம் வராது. ஏதோ ஒரு நாள் பராமரிப்புக்காக ஏ-யை அணைக்கும்போதுதான் மொத்தமும் சாகும். அந்த நிமிஷம் ஒட்டன்சத்திரம் மண்டியில் கேரளாவுக்குத் தக்காளி விலை பேசிக்கொண்டிருப்பவருக்கு லைன் கட் ஆனது மட்டும்தான் தெரியும். மென்பொருளில் இதற்கு ஈடாக நான் பார்த்தது, பொய் சொல்லும் கமென்ட். அதாவது கம்பைலர் படிக்காது, மனிதன் நம்பிவிடுவான்.

சீட்டில் என்ன எழுதணும் என்பதற்கு அமெரிக்காவில் டிஐஏ-606 என்ற தரநிலை 1993-ல் வந்தது. அதன் அடிப்படை எளிது: கேபிளின் இரண்டு முனையிலும் அடையாளம், அதே அடையாளம் ஒரு பதிவேட்டிலும். பவர் கேபிளுக்கு எங்கிருந்து, எங்கே, எந்த ஃப்யூஸ், ஏ-யா பி-யா என்பது சேரும். பதிவேடு இல்லாத சீட்டு பாதி வேலைதான்.

1988 மே 8 அன்று சிகாகோ அருகே ஹின்ஸ்டேல் எக்ஸ்சேஞ்ச் எரிந்தது. கேபிள் தட்டில், உறை சேதமான ஏசி கேபிள் ஒன்றும் டிசி பவர் கேபிள் ஒன்றும் உரசிக்கொண்டதாக விசாரணை சொன்னது. சுமார் 35,000 வாடிக்கையாளர்களின் போன் ஊமையானது, சிகாகோ விமான நிலையம் வரை பாதிப்பு. தீயணைப்பு வீரர்கள் மின்சாரத்தைத் துண்டிக்கத் திணறினார்கள். மெயின் சப்ளையை நிறுத்தினாலும் பேட்டரி ஊட்டிக்கொண்டே இருக்குமே. புகை மூட்டத்தில் எந்த ஃப்யூஸ் எதற்கு என்று தேட வேண்டிய நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கருவி மாறும்போது பழைய கேபிளை உருவி எடுப்பது இன்னொரு தலைவலி. செத்ததா, உயிரோடு இருக்கிறதா என்று சீட்டு சொல்லாவிட்டால் யாரும் வெட்டத் துணிவதில்லை. அதன் மேலேயே புதுசை இழுத்துவிட்டுப் போவார்கள். எக்ஸ்சேஞ்சுகளில் தட்டு நிறையக் கேபிள் குவிந்து கிடக்க இதுவும் ஒரு காரணம். இதில் எது செத்தது என்பது ரிட்டயரான யாரோ ஒரு லைன்மேன் அண்ணனின் நினைவில் மட்டும் இருக்கும்.