காற்றால் இயங்கும் தசை

யந்திரம் என்றதும் இரும்பும் எஃகுமே நம் நினைவுக்கு வருகின்றன. மொழிபெயர்ப்புப் பணியில் ‘மென் ரோபோ’ என்னும் தொடரை முதன்முதல் தமிழில் எழுத நேர்ந்தபோது என் பேனாவும் சற்றே தயங்கிற்று. ரப்பர், துணி போன்ற நெகிழும் பொருள்களால் ஆகி, உடலுக்கு ஊறு செய்யாது இயங்கும் யந்திரமே அது. மருத்துவத்தில் அதன் வரலாறு எளிய கேள்வி ஒன்றினின்று கிளைத்தது: செயலிழந்த விரலை அசைக்கும் விசையை எங்கிருந்து பெறுவது?

இதற்கு நம் வேலூர் ஒரு விடை கண்டது. 1946-இல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளை ஆராய்ந்தார். விரல்கள் முடங்கினும் முன்கைத் தசைகள் பல நலமாயிருப்பதைக் கண்டார். அவற்றுள் ஒன்றின் தசைநாணை மாற்றிப் பொருத்தி, விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். ஒரு தசையின் வலிமை மற்றொன்றுக்கு இரவலாயிற்று.

இரவல் தரவும் தசை இல்லாதார் என் செய்வர்? 1950-களில் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஜோசப் மக்கிப்பனின் மகள் இளம்பிள்ளை வாதத்தால் முடங்கினாள். அவர் லாஸ் அலமாஸ் அணு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1945 ஜூலை 16 அன்று நிகழ்ந்த முதல் அணுகுண்டுச் சோதனையில் இறுதி விசைகளை முடுக்கியவர். அதே கைகள் மகளின் விரல்களுக்கு அசைவு தேடின.

அவர் அமைத்த தசை, பின்னல் உறைக்குள் செருகிய ரப்பர்க் குழாயேயாகும். நான் வசிக்கும் முலுண்டின் கடைத்தெருவில் வெங்காயம் அடைத்த வலைப்பைகளைக் காண்கிறேன். வலைப்பை பக்கங்களில் உப்ப உப்ப நீளத்தில் குறுகுகிறது. அவ்வாறே, கரியமில வாயுவைச் செலுத்தியதும் குழாய் பருக்கும், உறை குறுகும், அதனோடு பிணைத்த விரல் வளையும்.

ஆயினும் இத்தசையை அடக்கியாளுதல் அரிதாயிற்று. வாயு அமுங்கும், ரப்பர் நெகிழும், பின்னல் இழைகள் உராயும். ஆதலின் இவ்வளவு வாயுவுக்கு இவ்வளவு அசைவு என்று துல்லியமாகக் கணிக்க இயலவில்லை. வாயு உருளையைச் சுமப்பதும் தொல்லையே. மின் மோட்டார்கள் மேம்பட்டபின் இது பின்தங்கிற்று. 1980-களில் ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் இதனை ரோபோக்களுக்காக மீட்டெடுத்தது. பின்னர் உணர்கருவிகளும் கணிப்பொறிகளும் வளர்ந்து, இதன் போக்கைக் கணந்தோறும் திருத்தத் துணை புரிந்தன.

2017-இல் எல்லன் ரோச் முதலிய ஹார்வர்டு, பாஸ்டன் ஆய்வாளர்கள் இவ்வகைத் தசைகளை ஓர் உறையில் பதித்து, பன்றிகளின் இதயத்தின் மேல் அணிவித்தனர். இதயத்தின் துடிப்போடு ஒத்திசைந்து அவ்வுறை அதனைப் பிழிந்தும் முறுக்கியும் துணை நின்றது. வழக்கமான துணைப் பம்புகள் குருதியைத் தொடுவதால் உறைகட்டி தோன்றக்கூடும். இவ்வுறையோ வெளியே இருப்பதால் குருதியைத் தொடுவதில்லை. இது விலங்குகளில் நடத்திய சோதனையே என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இளம்பிள்ளை வாதம் நம் நாட்டில் ஒழிந்ததென 2014 மார்ச் 27 அன்று சான்றளிக்கப்பட்டது. எனினும் அதற்கு முன்பே அந்நோயால் முடங்கியோர் நம்மிடையே வாழ்கின்றனர். பக்கவாதமும் பலரது கைகளை முடக்குகிறது. பிறர் துணையின்றி ஒரு குவளை நீரை எடுத்துப் பருகுவதே அவர்கள் வேண்டுவது. வேலூரில் ஒரு வழியாகவும் லாஸ் அலமாஸில் மற்றொரு வழியாகவும் தொடங்கிய முயற்சி, அவர்கள் பொருட்டு இன்னும் தொடர்கிறது.