குயில்குன்றின் பெயர்

மார்க்கையன்கோட்டையில் நெல் விளைவது யார் புண்ணியத்தால் என்று கேட்டால், பள்ளத்தாக்கின் எந்த உழவரும் தயங்காமல் சொல்லும் பெயர் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையை 1895இல் கட்டி முடித்த பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கை நாம் அறிவோம். அவருடைய பெயர் வந்த வழியை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குத் தெற்கே, அப்பெயரில் ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூரார் அதைப் 'பென்னிகுக்' என்பர். ஆங்கிலம் அங்கு பரவுமுன் வழங்கிய பழைய பிரித்தானிய மொழியில் 'பென்' என்பது குன்றையும் 'கோக்' என்பது குயிலினப் பறவையையும் குறிக்கும் என்பது பெயராய்வாளர் கொள்ளும் பொருள். குயில்குன்று! நம் தமிழ் உச்சரிப்பில் 'குயி' என்னும் ஒலி வந்து அமர்ந்தது தற்செயலே. ஆயினும் இனிய தற்செயல்.

ஊர்ப்பெயர் அந்நிலத்துக்கு உரிய குடியின் பெயராயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் நிலம் கிளார்க் குடும்பத்தின் கைக்கு மாறியது. பெயர் மட்டும் பலவகை எழுத்துக்கூட்டல்களுடன் ஊர்விட்டு ஊர் அலைந்தது. பிரித்தானியாவிலும் இன்று அது அரிய பெயரே. பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்த காலின் பென்னிகுயிக் (1933–2019) அப்பெயரினர்.

பேரரசின் படையோடு அப்பெயர் இந்தியாவுக்கும் வந்தது. ஜான் 1841இல் புனேயில் பிறந்தார். 1849இல் சிலியன்வாலாப் போரில் அவர் தந்தையும் தமையனும் மடிந்தனர். பின்னர் பொறியாளராகி, மேற்கே ஓடிய பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். கம்பம் பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நிலமாயிற்று.

நம்மிடம் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். ஆகவே இங்குள்ளோர் அப்பெயரைப் பிள்ளைகளுக்கே இட்டனர். அப்பிள்ளைகளுக்குப் பிறப்போர் 'பெ.' என்னும் முதலெழுத்தைச் சுமப்பர். குருதிவழி இறங்க வேண்டிய பெயர் இங்கே நீர்வழி இறங்கியது.

ஒன்று மட்டும் நம்மை உறுத்துகிறது. அணைப் பணியில் காய்ச்சலாலும் விபத்தாலும் நூற்றுக்கணக்கான கூலியாட்கள் மாண்டனர். அவர்களும் இந்த வயல்களுக்கு நீர் கொணர்ந்தவர்களே. அவர்கள் பெயரை எந்தப் பிள்ளைக்கு இடுவது?